பழைய கார், மீட்டெடுத்த கார்: ஆர்.சி. பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய காரைச் சீர்செய்து ஓட்ட விரும்புகிறவர்கள் கார்புரேட்டரைப் பற்றிக் கேட்பதைவிட ஆர்.சி. எனும் பதிவுச் சான்றைப் பற்றியே அதிகம் கேட்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் பணம் கைமாறி, பெயின்ட் வேலையும் முடிந்த பிறகுதான் கேட்கிறார்கள். ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சொந்த உபயோகத்துக்கான கார்கள், ஜீப்புகள் மட்டுமே இங்கே பேசப்படுகின்றன. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் நாடு முழுவதற்கும் பொதுவானவை. சாலை வரியும் பசுமை வரியும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால் அவற்றுக்குள் நான் போகவில்லை.

1. ஆர்.சி. என் பெயரில் இருந்தால் வண்டி என்னுடையதுதானே? வேறு பத்திரம் ஏதாவது வேண்டுமா?

வீட்டுக்கு இருப்பதுபோல் காருக்கென்று தனியாக ஓர் உரிமைப் பத்திரம் இந்தியாவில் கிடையாது. விற்பவரும் வாங்குபவரும் உடன்பட்டு, விலை பேசி, வண்டியை ஒப்படைத்தால் பொருள் விற்பனைச் சட்டத்தின்படி உரிமை மாறிவிடும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. சாலையில் நிறுத்திக் கேட்கிறவருக்கும், விபத்து வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கும் அந்தப் பெயர்தான் கணக்கு.

இதன் சுமை வாங்கியவரைவிட விற்றவருக்கே அதிகம். ஒரு காரை ஒருவர் விற்று, அது பல கைகள் மாறி, பெயர் மாற்றப்படாமலேயே விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் பெயர் இருந்த முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே விற்பனை ரசீதும் வேண்டும், பெயர் மாற்றமும் வேண்டும்; ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகாது.

2. பழைய வண்டி வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எஞ்சின் ஓசையைக் கேட்பதற்கு முன்னால் மூன்று இடங்களில் இருக்கும் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்: இரும்பில் அடித்த சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும், ஆர்.சி. புத்தகத்தில் எழுதியவை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவேட்டில் உள்ளவை. பலர் முதல் இரண்டை மட்டும் ஒப்பிட்டுவிட்டு முன்பணம் கொடுக்கிறார்கள். மூன்றாவதுதான் தீர்மானிப்பது, புத்தகம் அந்தப் பதிவேட்டின் நகல் மட்டுமே. வண்டியில் அடித்திருக்கும் எண் ஆர்.சி.யில் உள்ளதிலிருந்து வேறுபட்டால், உரிமையாளருக்கு விளக்கமளிக்க வாய்ப்புக் கொடுத்த பிறகு பதிவையே ரத்து செய்ய 55(5) பிரிவு அதிகாரிக்கு இடமளிக்கிறது. இப்பக்கத்தில் பின்னால் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விதியின் கிளைகள்தான்.

எண்கள் சரியென்றால் அடுத்து எரிபொருள், நிறம், பாடி வகை, இருக்கைகளின் எண்ணிக்கை, பதிவு செல்லுபடியாகும் கடைசித் தேதி, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடன் பத்தியில் ஒரு பெயர் இருந்து, அதற்குக் கீழே ரத்து முத்திரை இல்லாவிட்டால் 11ஆம் கேள்வியைப் படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

3. சேஸிஸ் நம்பரை எப்படிப் படிப்பது? பென்சில் பிரிண்ட் என்கிறார்களே, அது என்ன?

பழைய வண்டியில் எண் அடித்த இடத்தின் மேல் கிரீஸ், தார்ப்பூச்சு, நாலைந்து அடுக்குப் பெயின்ட் எல்லாம் படிந்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்து, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கிரைண்டரை மட்டும் அருகில் கொண்டுவரக் கூடாது. எண்ணைச் சுற்றிக் கிரைண்டர் கோடு இருந்தாலே ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்துவிடும், அதில் நியாயமும் இருக்கிறது. உலர்ந்த பிறகு மெல்லிய தாளை அதன்மேல் ஒட்டிப் பிடித்து, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்து உரசினால் கருமைக்கு நடுவே எண்கள் வெள்ளையாக எழும்பி வரும். அந்தத் தாள்தான் பென்சில் பிரிண்ட். பெயர் மாற்றம், தடையின்மைச் சான்று போன்றவற்றுக்கான விண்ணப்பத்தில் அதை ஒட்டிக் கொடுப்பது வழக்கம்.

இரும்பில் அடித்த எண்ணும், பானட்டுக்குள் ரிவெட் வைத்த தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றல்ல. தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் மாட்ட ஐந்து நிமிடம் போதும் என்பதால் அதை மட்டும் நம்பி யாரும் ஒப்புதல் தர மாட்டார்கள். எண்ணைப் படிக்கும்போது 3, 8 இரண்டையும், 1, 7 இரண்டையும் நிதானமாகப் பாருங்கள். கையால் எழுதிய பழைய புத்தகங்களில் எழுத்தர் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியிருப்பது அரிதல்ல. அப்படியிருந்தால் பென்சில் பிரிண்ட்டையும் முதல் விற்பனைச் சான்றின் நகலையும் வைத்துத் திருத்தம் கோரலாம்; மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்த்த பிறகே திருத்தம் நடக்கும்.

4. துருப்பிடித்து நம்பரே அழிந்துவிட்டது. ஆர்.சி.யில் இருக்கும் நம்பரை நாமே பஞ்ச் அடித்துக்கொள்ளலாமா?

கூடாது. எண் உண்மையானதாக இருந்தாலும் கூடாது. பதிவு அதிகாரியின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் அடித்த எண், திருட்டு வண்டிக்கு அடித்த எண்ணைப் போலவேதான் தோற்றமளிக்கும். பின்னாளில் விளக்கம் சொல்லித் தப்பிக்க வழியே இருக்காது. துரு தின்ற பகுதியைப் படம் எடுத்து, எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யையும் காட்டி விண்ணப்பித்தால், ஆய்வும் காவல்துறைச் சரிபார்ப்பும் முடிந்த பிறகு என்ன செய்யலாம் என்பதை அலுவலகமே சொல்லும். திருட்டுப் பட்டியலில் வண்டி இல்லை என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவேட்டில் சரிபார்த்து எடுக்கும் சான்று இந்த இடத்தில் பெரிதும் உதவும்.

சேஸிஸ் பட்டையில் துரு ஏறிய பகுதியை வெட்டிவிட்டுப் புதிய தகடு வைத்து வெல்டிங் செய்பவர்கள், எண் இருக்கும் துண்டை எக்காரணம் கொண்டும் வெட்டச் சொல்லக் கூடாது. பட்டறையில் இதை முன்கூட்டியே சொல்லி, அந்த இடத்தில் சாக்பீஸால் குறியிட்டுவிடுவது நல்லது.

5. 15 வருடம் முடிந்துவிட்டது. இனி அந்தக் காரைக் காயலான்கடைக்குத்தான் போட வேண்டுமா?

இல்லை. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வண்டி ஆய்வில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொண்டே போகலாம். பேச்சு வழக்கில் இதைத்தான் எஃப்.சி. காட்டுவது என்கிறோம். படிவம் 25இல் விண்ணப்பிக்க வேண்டும்; முடிவு தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பழைய கார்களைப் பராமரிப்பவர்கள் மீது விழுந்த இந்த உயர்வு எனக்கு நியாயமாகப் படவில்லை. இருந்தாலும் அது கட்டணம்தானே தவிர, தடை அல்ல.

டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற பேச்சு டெல்லித் தலைநகர்ப் பகுதிக்கு மட்டும் உரியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்ட அந்த உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மற்ற ஊர்களில் உள்ள சொந்தக் கார்களுக்கு வயதை மட்டும் காரணம் காட்டிப் பதிவை மறுக்கும் மத்திய விதி இல்லை. அரசுத் துறைகளின் வண்டிகளுக்கு மட்டும் வேறு விதி. அது 16ஆம் கேள்வியில் வருகிறது.

6. எஃப்.சி. முடிந்து பல வருடமாக ஷெட்டில் நிற்கும் கார். அதை அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால் பிடிப்பார்களா?

பிடிக்கலாம். புதுப்பிக்கும்வரை அது செல்லுபடியாகும் பதிவுள்ள வண்டி அல்ல என்றும், பொது இடத்தில் அதை ஓட்டக் கூடாது என்றும் 52ஆம் விதி வெளிப்படையாகச் சொல்கிறது. பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். வழியில் யார்மீதாவது மோதிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கையில் எடுக்கும் ஆயுதமும் இதுதான். இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதே சரி.

ஆய்வுக்கு முன்பாக மூன்றாம் நபர் காப்பீடும், புகைச் சான்றும், நிலுவை வரி ரசீதும் கையில் இருக்க வேண்டும். முடிவு தேதியிலிருந்து ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் காருக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று விதி இருப்பதால், பல ஆண்டுகள் நின்ற வண்டிக்கு மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகே விலை பேசுவது புத்திசாலித்தனம்.

7. மூன்றெழுத்து நம்பர் வைத்த கார் ஆன்லைனில் வரவே இல்லை. போலி வண்டியா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். இப்போதைய எண் முறை 1989 ஜூலை 1 அன்று புதிய சட்டத்துடன் வந்தது. அதற்கு முந்தைய மூன்றெழுத்து எண்ணுள்ள கார்கள் இன்றும் சட்டப்படி ஓடுகின்றன. ஆனால் அவற்றின் விவரங்கள் தடித்த காகிதப் பதிவேடுகளில் கிடக்கின்றன. யாராவது ஒரு வேலைக்காக விண்ணப்பித்தால்தான் வாகன் என்ற அரசு வாகனப் பதிவுக் கணினித் தளத்தில் ஏறும். இதை அலுவலகங்களில் பேக்லாக் என்பார்கள். உரிமையாளர் அசல் புத்தகத்துடன் சென்று இதை முடித்துவிட்டால் மற்ற எல்லா வேலைகளும் எளிதாகும்.

இடையில் மாவட்டங்கள் பிரிந்து புதிய அலுவலகங்கள் தோன்றியிருப்பதால், புத்தகத்தில் முத்திரை குத்திய அலுவலகத்தில் இப்போது அந்தப் பதிவேடு இல்லாமல் போகலாம். ஆவணம் இல்லை என்று ஒரு ஜன்னலில் வாய்மொழியாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். அந்த எண் வரிசையின் பதிவேடு எந்த அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது என்று எழுதிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம்.

8. தாத்தா பெயரில் ஒரு அம்பாசடர் இருக்கிறது. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது மாற்ற முடியுமா?

முடியும். உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும், மூன்று மாதங்களுக்குள் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்தால் உரிமை அழிந்துவிடாது. தாமதக் கட்டணம் சேரும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகள் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்திட்ட உறுதிமொழி, அசல் ஆர்.சி. ஆகியவை வேண்டும்.

இங்கே வேலையை இழுத்தடிப்பது பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான். ஷெட்டில் துருப்பிடித்து நின்றபோது யாரும் கேட்காத காருக்கு, மீட்டெடுத்துப் பளபளப்பாக்கிய பிறகு எல்லா வாரிசுகளுக்கும் பாசம் வந்துவிடும். எனவே கையெழுத்துகளை முதலில் வாங்குங்கள். டிங்கரிங் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

9. விற்றவர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதாமல் கொடுத்திருக்கிறார். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

ஓப்பன் ஃபார்ம் என்று தரகர்கள் சொல்லும் இந்த வழக்கம்தான் பழைய கார்களின் ஆவணச் சங்கிலி அறுந்துபோக முதல் காரணம். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50ஆம் பிரிவு. தேதியில்லாத படிவத்தில் பிறகு தேதி எழுதுவது பொய்யான தகவலைப் பதிவு செய்வதாகும். கையெழுத்திட்டவர் இடையில் இறந்துவிட்டால் அந்தப் படிவம் வெறும் காகிதம். முந்தைய கேள்வியில் சொன்னபடி வாரிசுகளின் பெயருக்கு மாற்றி, அவர்களிடமிருந்து மீண்டும் வாங்க வேண்டும்.

பல கைகள் மாறிய வண்டியில் புத்தகத்தில் பெயருள்ளவருக்கும் உங்களுக்கும் இடையில் நான்கைந்து பேர் இருக்கலாம். உங்களிடம் விற்றவரை விட்டுவிட்டு, புத்தகத்தில் பெயருள்ளவரைத் தேடிப் பிடியுங்கள். சங்கிலி அறுந்த இடம் அவரிடம்தான் இருக்கிறது. பழைய வாகனங்களை வாங்கி விற்கும் நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் தனி அங்கீகாரம் தேவை. அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைத்துப் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். விற்கிறவர்களுக்கு இது நல்ல பாதுகாப்பு.

10. ஆர்.சி. தொலைந்துவிட்டது, உரிமையாளரையும் காணோம். நானே டூப்ளிகேட் எடுக்கலாமா?

நகல் ஆர்.சி.க்குப் படிவம் 26இல் விண்ணப்பிக்கும் உரிமை பதிவு பெற்ற உரிமையாளருக்கு மட்டுமே உண்டு. காணாமல் போனதற்கான காவல்துறைச் சான்றும் அவர் பெயரில்தான் இருக்க வேண்டும். வாங்கியவர் அவர் கையெழுத்தைப் போட்டு விண்ணப்பிப்பது போலி ஆவணம் தயாரிப்பது என்பதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதைச் சாதாரண விஷயமாகக் கருதுகிறவர்கள் நிறையப் பேர்.

உங்கள் இடத்தில் யாரோ விட்டுச்சென்று ஆண்டுக்கணக்கில் நிற்கும் வண்டிக்கும் இதே பதில்தான். இடம் உங்களுடையது என்பதாலோ, வாடகை பாக்கி என்பதாலோ வண்டி உங்களுடையதாகாது. பதிவு பெற்ற முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பி, அது திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வைத்து, காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து, வழக்கறிஞர் மூலம் நீதிமன்ற உத்தரவு பெறுவதே வழி. காலம் பிடிக்கும். ஓர் அபூர்வக் காருக்கு அது தகும். சாதாரணக் காருக்கு, ஆவணம் சரியாக உள்ள இன்னொன்றைத் தேடுவதே மலிவு.

11. கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியே இப்போது இல்லை. எச்.பி. கேன்சல் செய்வது எப்படி?

எச்.பி. எனும் கடன் பதிவை நீக்கப் படிவம் 35இல் கடன் கொடுத்தவரின் கையெழுத்து வேண்டும். கடன் எப்போதோ அடைக்கப்பட்டிருந்தாலும் அந்தப் பெயர் நீங்காதவரை பெயர் மாற்றம் தடைப்படும். நிறுவனம் வங்கியுடனோ வேறு நிறுவனத்துடனோ இணைந்திருந்தால் இணைந்த நிறுவனம் கையெழுத்திடலாம். இணைப்பு உத்தரவின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நீதிமன்றத்தால் கலைக்கப்பட்ட நிறுவனம் என்றால் அதன் பொறுப்பு அரசுக் கலைப்பு அதிகாரியிடம் இருக்கும். அவருக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு செய்யாத சிறு வட்டிக்கடை என்றால் அதன் பங்குதாரரையோ வாரிசையோ தேட வேண்டியிருக்கும்.

12. வேறு மாநில வண்டி. என்.ஓ.சி. வாங்கினால் போதுமா?

ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண் பெற வேண்டும் என்பது 47ஆம் பிரிவு. முதல் அலுவலகத்திலிருந்து படிவம் 28இல் என்.ஓ.சி. எனும் தடையின்மைச் சான்று பெற்று, இங்கே படிவம் 27இல் விண்ணப்பித்து, இங்குள்ள வரியையும் கட்ட வேண்டும். விண்ணப்பித்து 30 நாட்களில் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் சான்று வழங்கியதாகவே கருத வேண்டும் என்று 48ஆம் பிரிவு சொல்கிறது. இருந்தாலும் கையில் தாள் இல்லாமல் புதிய அலுவலகத்தில் வேலை நகராது.

பழைய வண்டிகளில் அடிக்கடி காண்பது, என்.ஓ.சி. எடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அதைப் பயன்படுத்தாமல் விட்ட நிலை. அப்போது பழைய அலுவலகத்தில் வண்டி போய்விட்டதாகவும், புதிய இடத்தில் வராததாகவும் பதிவு இருக்கும். சான்று வழங்கிய அலுவலகத்தில் அதை ரத்து செய்து புதிதாக எடுப்பதே பெரும்பாலும் நேரான வழி.

13. பெட்ரோல் அம்பாசடரில் மெட்டாடர் டீசல் எஞ்சின் இருக்கிறது. ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே இருக்கிறது. என்ன செய்வது?

பெட்ரோல் விலைக்கு அஞ்சி ஒரு காலத்தில் பல அம்பாசடர்களிலும் பத்மினிகளிலும் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். அப்போதே அனுமதி பெற்று எஞ்சின் எண்ணையும் எரிபொருளையும் புத்தகத்தில் ஏற்றியிருந்தால் கவலையில்லை. ஏற்றாமல் விட்டிருந்தால், நீங்கள் வாங்கியது 2ஆம் கேள்வியில் சொன்ன எண் முரண்பாடுள்ள வண்டி.

இப்போது அந்த மாற்றத்துக்குப் புதிதாக அனுமதி கிடைப்பது மிகக் கடினம். தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களிலிருந்து வண்டி மாறும்படியான மாற்றம் செய்யக் கூடாது என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதைக் கண்டிப்பாக உறுதிசெய்தது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்று 182ஏ பிரிவு கூறுகிறது. அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. கிட், மின்மோட்டார் கிட் போன்றவற்றுக்கு மட்டும் தனி வழி உண்டு.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது, அதே மாடலின் பெட்ரோல் எஞ்சினை ரசீதுடன் வாங்கிப் பொருத்தி, புதிய எஞ்சின் எண்ணைப் பதிய விண்ணப்பிப்பதுதான். அந்த ரசீதில் எஞ்சின் எண்ணும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதும் இருக்க வேண்டும். காயலான்கடையில் எடைக்கு வாங்கிய எஞ்சினுக்கு இந்த விவரம் கிடைக்காது. அதனால்தான் மலிவான எஞ்சின் கடைசியில் விலை அதிகமாகிவிடுகிறது.

14. விபத்தில் டோட்டல் லாஸ் ஆன காரை ஏலத்தில் எடுத்துச் சரிசெய்தால் ஆர்.சி. தொடருமா?

பழுது நீக்கும் செலவு காப்பீட்டில் குறிப்பிட்ட மதிப்பின் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை மொத்த நஷ்டம் என்று கணக்கிடுவது காப்பீட்டு நடைமுறை. அதனால் மட்டும் பதிவு தானாக ரத்தாகிவிடாது. வண்டி அழிந்துவிட்டது, நிரந்தரமாக ஓட்ட முடியாது என்று உரிமையாளர் தெரிவித்து 55ஆம் பிரிவின்கீழ் ரத்து செய்திருந்தால்தான் கதை முடிகிறது. ஏலத்தில் பணம் கட்டுவதற்கு முன்பாகப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று வாகன் தளத்தில் பாருங்கள்.

பதிவு இருந்தால், அதே சேஸிஸைச் சீர்செய்து, பாகங்களின் ரசீதுகளையும் ஒவ்வொரு கட்டத்தின் படங்களையும் வைத்துக்கொண்டு பெயர் மாற்றத்துக்குச் செல்லலாம். ஆய்வு கடுமையாகவே இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. நொறுங்கிய காரின் ஆர்.சி.யை வாங்கி, அதே மாடலில் அதே நிறத்தில் ஒரு காரைத் திருடி, எண்ணை மாற்றி அடித்து விற்கும் கும்பல்கள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. உருக்குலைந்த வண்டியின் விலையைவிட அதன் ஆர்.சி.க்கு அதிக விலை பேசுகிறவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

15. இரண்டு மூன்று ஜீப்புகளின் பாகங்களை வைத்து ஒன்று கட்டியிருக்கிறேன். புதிதாகப் பதிவு செய்ய முடியுமா?

புதிய பதிவுக்குத் தயாரிப்பாளரின் படிவம் 22ம் விற்பனைச் சான்றான படிவம் 21ம் வேண்டும். ஒரு மாடலைத் தயாரிப்பவர் அதன் மாதிரியை ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்பில் சோதித்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். தனி மனிதர் பட்டறையில் கட்டிய ஒற்றை வண்டிக்கு இவை கிடைப்பது நடைமுறையில் நடவாத காரியம். ஹரியாணா–பஞ்சாப் எல்லையில் உள்ள மண்டி டப்வாலி இப்படி ஜீப் கட்டுவதற்குப் பேர்போனது. அங்கிருந்து அழகான வண்டி வரும், ஆனால் அதன் ஆர்.சி. எந்தச் சேஸிஸுக்கு உரியது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. தண்ணீர் இறைக்கும் எஞ்சினைப் பொருத்திக் கட்டும் ஜுகாட் வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, பதிவில்லாமல் அவை ஓடக் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் ஜீப்பின் சேஸிஸ் செல்லுபடியாகும் ஆர்.சி. உள்ள ஒரு வண்டியுடையது என்றால் நிலைமை வேறு. சட்டத்தின் கண்ணில் அது அந்தப் பழைய ஜீப்தான். மற்றவை அதற்கு வாங்கிய பாகங்கள். அந்த ஆர்.சி.யில் உள்ள பாடி வகை, எரிபொருள், இருக்கைகளுக்கு ஏற்ப வண்டியைக் கட்டுங்கள். ஆர்.சி.யை வண்டிக்கு ஏற்ப மாற்ற நினைத்தால் 13ஆம் பதிலில் சொன்ன சிக்கல்கள் எல்லாம் வரும்.

16. ராணுவ டிஸ்போசல் ஜீப், அரசாங்க அம்பாசடர், போலீஸ் ஏல வண்டி: இவற்றில் எதற்கு ஆர்.சி. கிடைக்கும்?

ராணுவ வண்டிக்கு ராணுவ அதிகாரிகள் வழங்கிய அசல் படிவம் 21 விற்பனைச் சான்று இருந்தால் 47ஆம் விதிப்படி பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அது இல்லாத டிஸ்போசல் ஜீப் வெறும் இரும்பு. அரசு ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் படிவம் 32இல், வண்டி கைக்கு வந்த 30 நாட்களுக்குள், ஏல உத்தரவின் சான்றளித்த நகலுடன் விண்ணப்பிக்க வேண்டும். அந்த உத்தரவில் ஸ்கிராப் என்று எழுதியிருந்தால் பதிவை எதிர்பார்க்காதீர்கள்.

அரசுத் துறைகளின் பெயரில் உள்ள வண்டிகளுக்கு 15 ஆண்டுகள் முடிந்தால் புதுப்பித்தல் கிடையாது, பதிவு ரத்தானதாகவே கருதப்படும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே வெள்ளை அம்பாசடரைக் கண்டு மயங்குவதற்கு முன், அது ஏற்கெனவே தனியார் பெயருக்கு மாறியதா, இன்னும் துறையின் பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

17. 50 வருடத்துக்கு மேலான கார்களுக்குத் தனிப் பதிவு உண்டாமே? அதை எடுப்பது நல்லதா?

2021 ஜூலையில் இதற்கென 81ஏ முதல் 81ஜி வரையிலான விதிகள் வந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் பேணப்படும் சொந்த உபயோக இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். படிவம் 20இல் காப்பீடு, பழைய ஆர்.சி. ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். இறக்குமதி வண்டிக்குச் சுங்க ஆவணமும் வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே எண் உள்ள வண்டி அதையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பெறும் எண்ணில் மாநிலக் குறியை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் வரும்.

அன்றாடம் ஓட்ட நினைப்பவருக்கு இது உதவாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் செல்லலாம். உங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் சாதாரணப் பதிவு உயிரோடு இருந்தால் அதை 5ஆம் பதிலில் சொன்னபடி புதுப்பித்துக்கொண்டே போவதுதான் வசதி என்பது என் கருத்து. விதிகளில் உள்ள மூல வடிவம் என்ற நிபந்தனையால், 13ஆம் கேள்வியில் வந்த டீசல் அம்பாசடர் எத்தனை வயதானாலும் இந்த வாசலில் நுழைய முடியாது.

18. ரத்தான ஆர்.சி.யை மீண்டும் உயிர்ப்பிக்க முடியுமா? புரோக்கர் முடித்துத் தருகிறேன் என்கிறார்.

ரத்து உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் 57ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். உரிமையாளருக்கு வாய்ப்பே கொடுக்காமல் ரத்து செய்திருந்தாலோ, எண்ணைத் தவறாகப் படித்து ரத்து செய்திருந்தாலோ இதில் பயன் உண்டு. உரிமையாளரே எழுதிக் கொடுத்து ரத்தான வண்டிக்கும், பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கிய வண்டிக்கும் மேல்முறையீட்டுக்குக் காரணமே இருக்காது.

அப்படிப்பட்ட வண்டிக்கும் ஆர்.சி. வாங்கித் தருவதாகத் தரகர் சொன்னால், அவர் தரப்போவது வேறு ஏதோ ஒரு வண்டியின் ஆர்.சி. நேர்மையான தரகர்களும் இருக்கிறார்கள். படிவம் நிரப்பவும் வரிசையில் நிற்கவும் அவர்களுக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் விண்ணப்ப எண்ணும் கட்டண ரசீதும் உங்கள் கைபேசிக்கு நேராக வர வேண்டும். ஆய்வு நாளில் வண்டியுடன் நீங்களும் நிற்க வேண்டும். தன் கைபேசி எண்ணைத்தான் கொடுக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவரிடம் அசல் ஆர்.சி.யை ஒப்படைக்காதீர்கள்.